முதலில் சொன்னதுதான் கணக்கு

என் பெண்டாட்டி மரகதவல்லி கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? ஒரு மனுஷனும் கையால் நிரல் எழுதாத காலம் அது. இயந்திரங்களே எழுதி, அவையே சரிபார்த்து, அவையே ஓட்டிக்கொண்டிருந்தன. பஸ் டிக்கெட்டிலிருந்து பாங்கு வரைக்கும் எந்த நிரலையும் மனுஷக் கண் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் போய், சூலூர் நூலகத்து மாடியில் 'கைநிரல் வகுப்பு' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். அதற்கும் பத்துப் பேர் போய் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

"ஏம் புள்ள, ஊரே பறந்து போகுது, நீ இப்பத்தான் குதிரை வண்டி ஓட்டப் பழகப் போறியா?" என்றேன்.

"பழகினா என்னங்? பையன் பெங்களூரு போயாச்சு. உங்க மூஞ்சியவே எத்தன நேரம் பாத்துட்டு உக்காந்திருக்கறது?" என்றாள்.

இதற்கு மேல் பேசினால் சோறு கிடைக்காது. சரி, போய்த் தொலை என்று விட்டுவிட்டேன். எனக்கு மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற பட்டறை. தண்ணீர் பம்பு மோட்டார் புகைந்தால் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் மரகதம் விடுவாளா? தினமும் சாயங்காலம் வந்து, நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, அன்றைக்குப் படித்ததை என் தலையில் கொட்டுவாள்.

வகுப்பின் கடைசியில் ஆளுக்கு ஒரு லைப்ரரி எழுத வேண்டும் என்றார்கள். புத்தகம் வைக்கிற லைப்ரரி இல்லையாம்.

"உங்க பட்டறையில ஸ்பேனர் பொட்டி இருக்குதில்லீங், அந்த மாதிரி," என்று விளக்கினாள். "சின்னச் சின்ன வேலைக்கு சின்னச் சின்ன ஃபங்ஷன். பட்டியலைத் திருப்பிப் போடறதுக்கு ஒண்ணு. வெத்து வரியத் தூக்கி வீசறதுக்கு ஒண்ணு. ஒரு நம்பரு எல்லை தாண்டாம புடிச்சு வெக்கறதுக்கு ஒண்ணு. பெரிய நிரல் எழுதறவங்க எடுத்துப் போட்டுக்குவாங்க."

"பெரிய நிரல் எழுதறவன் எவன் இருக்கறான் இப்ப?"

"இல்லைதான். படிக்கறதுக்குத்தானுங்களே எழுதறோம்."

அவள் எழுதியதில் ஒன்றின் பெயர் 'ஒருதடவை'. அதன் வேலை ரொம்ப எளிது. ஏதாவது ஒரு கேள்வியை அதன் கையில் கொடுத்தால், முதல் தடவை கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் நூறு தடவை கூப்பிட்டாலும் மறுபடி கேட்காது. வாங்கி வைத்த பதிலையே எடுத்து நீட்டும்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"உங்களுக்காகத்தான் எழுதினேன். காலைல ரசம் வெக்கட்டுமான்னு கேட்டா ஆமாங்கறீங்க. வெச்சு எறக்கினா, கொழம்பு எங்கன்னு நிக்கறீங்க. இனி முதல்ல சொன்னதுதான் கணக்கு."

எல்லாம் முடிந்ததும் வகுப்பு நடத்திய நூலகத்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, மரகதம் மொத்தத்தையும் இன்னொரு தடவை தன் விரலாலேயே அடித்துக் காட்டினாள். இயந்திரத்தின் உதவி இல்லாமல் எழுதியது என்பதற்கு 'மனிதக் கை' என்று ஒரு முத்திரை கொடுத்தார்கள். லைப்ரரியை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்துப் பொது அலமாரியில் போட்டார்கள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணுக்குச் சீர் செய்தவள் மாதிரி இருந்தாள். அப்புறம் அவளும் மறந்தாள், நானும் மறந்தேன்.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா பெயர் நாச்சிமுத்து. கவர்ன்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸுக்குள் 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று அதட்டுகிற குரல், இன்னொருத்தர் வீட்டு வாசலில் நின்றால் காணாமல் போய்விடும். உட்காருங்கள் என்றால் "இருக்கட்டுமுங்க" என்பார். காப்பி என்றால் "வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்" என்பார். குடித்திருக்கவே மாட்டார். ரெண்டாவது தடவை கேட்டால் "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்பார். மூணாவது தடவை கேட்டால்தான், "சரி, நீங்க இத்தன தூரம் சொல்றீங்க, அரை டம்ளர் குடுங்க." இதில் அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான். கேட்டவுடனே சரி என்று கையை நீட்டுகிறவனை அலைகிறான் என்பார்கள். ஒரே தடவை கேட்டுவிட்டு விடுகிற வீட்டுக்காரியை அதைவிட மோசமாகப் பேசுவார்கள்.

அந்த வருஷம் சித்திரையில் அப்பாவுக்குக் கால் வீங்கிற்று. முகம் உப்பிற்று. மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரெண்டு கிட்னியும் போய்விட்டது, டயாலிசிஸ் செய்தால் வருஷக்கணக்கில் இருப்பார், செய்யாவிட்டால் அதிக நாள் தாங்காது என்றார்கள். செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போனால் அப்பா அதே கட்டிலில் அப்படியே கிடக்கிறார். ஊசி இல்லை, குழாய் இல்லை, ஒன்றும் இல்லை.

வார்டு டாக்டர் பெயர் ஷமீலா. சின்ன வயசுதான், ஆனால் கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

"உங்க அப்பா வேண்டாம்னுட்டாருங்க," என்றார்.

"எப்ப? யாருகிட்ட?"

கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தது. அதைக் காட்டினார். "இதுகிட்ட. இதுதான் கேக்கும். கேக்கறப்ப கூட யாரும் இருக்கக் கூடாது, நாங்களும் இருக்கக் கூடாது. அவர் பேசினத நீங்க கேக்கலாம். அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

போட்டுக் காட்டினார். நல்ல பெண் குரல். நம் ஊர்ப் பெண் மாதிரியே மரியாதையாகப் பேசிற்று. "ஐயா, உங்களுக்கு டயாலிசிஸ் செய்யலாம்னு இருக்கோம். செய்யலாங்களா?" பிறகு என் அப்பாவின் குரல். "வேண்டாமுங்க. இருக்கட்டுமுங்க. உங்களுக்கெல்லாம் எதுக்குச் சிரமம்." உடனே பெண் குரல், "சரிங்க ஐயா. உங்க விருப்பம் பதிவாயிடுச்சு. நன்றிங்க." அவ்வளவுதான். ஒரு உயிருக்கு அவ்வளவுதான் பேச்சு!

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஏனுங்க டாக்டர், இது வேண்டாங்கற பேச்சா? எங்கப்பா காப்பிக்கும் இதத்தான் சொல்லுவாரு, கல்யாண விருந்துக்கும் இதத்தான் சொல்லுவாரு. இன்னொருக்கா கேக்க அந்தப் பொட்டிக்கு வாய் வலிக்குதா?"

"கேக்காதுங்க. ஒரு தடவைதான்."

"அப்ப இப்ப நான் கேக்கறேன், பாருங்க," என்று அப்பாவிடம் குனிந்தேன். "அப்பா, உங்களுக்கு டயாலிசிஸ் வேணும்தானுங்களே?"

அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ சொன்னாச் சரி சாமி," என்றார்.

"கேட்டீங்களா?" என்று டாக்டரைப் பார்த்தேன். பெட்டியிடமும் சொல்லச் சொன்னேன். அப்பா தலையைத் திருப்பி, பஸ்ஸில் முன்சீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி, "பண்ணிடுங்க அம்மிணி," என்றார். பெட்டி பேசிற்று. "ஐயா, உங்க விருப்பம் வேண்டாம்னு ஏற்கெனவே பதிவாயிருக்குங்க. நன்றிங்க." எத்தனை தடவை சொல்ல வைத்தாலும் அதே நன்றிங்க. எனக்கு அந்தப் பெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீச வேண்டும் போலிருந்தது.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கோவிச்சுக்காதீங்க. முன்னெல்லாம் சொந்தக்காரங்கதான் முடிவு பண்ணுவாங்க. சொத்துக்காகக் குழாயப் புடுங்கச் சொன்ன மகனும் உண்டு, ஊர் வாய்க்குப் பயந்து பொணத்துக்கு மூச்சு ஊதச் சொன்ன மகனும் உண்டு. அதனாலதான் சட்டம் வந்துச்சு. நோயாளிய மட்டும் கேக்கணும், தனியாக் கேக்கணும். ஒரு தடவை சொன்னத, அப்பறம் யாரும் வற்புறுத்தி மாத்திடக் கூடாது."

"அதுக்கு மனுசங்க கேக்கலாமில்ல? மெசினு எதுக்கு?"

"மெஷின் வாயாலதான் கேக்குது. ஆனா எந்தப் பதில எடுத்துக்கறதுங்கற அந்த இடம் மட்டும் மனுஷன் கைப்பட எழுதின நிரலா இருக்கணும்னு சட்டத்துல இருக்கு. நாளைக்குக் கேள்வி வந்தா பதில் சொல்ல ஒரு ஆள் வேணுமில்லீங்களா? ஆனா கையால நிரல் எழுதற ஆள் யார் இருக்காங்க இப்ப? மெஷின் தேடிப் பாத்துச்சு. பொது அலமாரியில முத்திரையோட யாரோ படிக்கறதுக்கு எழுதின ஒரு குட்டி லைப்ரரி கெடந்திருக்கு. எடுத்துப் போட்டுக்கிச்சு. நம்ம ஸ்டேட் முழுக்க எல்லா ஆஸ்பத்திரியிலயும் இப்ப அதுதான்."

"யாரு எழுதினதுங்க?"

கையிலிருந்த கம்ப்யூட்டர்ப் பலகையைத் தட்டிப் பார்த்தார். "மரகதவல்லி சிவப்பிரகாசம். ஊரு சூலூர்னு போட்டிருக்கு. ஏங்க, உங்களுக்குப் பக்கந்தானே, தெரிஞ்சவங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கு முன்னால் வருமே ஒரு சனியன் பிடித்த சிரிப்பு, அது. தெரிஞ்சவங்கதானுங்க, அந்தச் சிவப்பிரகாசம் நான்தானுங்க என்றேன்.

டாக்டர் பலகையைக் கீழே இறக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்தப் பொட்டி வந்ததுலருந்து எங்க வார்டுல முக்கால்வாசிப் பேர் வேண்டாம்னுதான் சொல்றாங்க. தமிழ்நாட்டுக்காரங்க சாவுக்குப் பயப்படறதில்லன்னு ஒரு கட்டுரைகூட வந்துச்சு. நானும் அதப் படிச்சுட்டுப் பெருமைப்பட்டேனுங்க."

வீட்டுக்கு வந்து மரகதத்திடம் சொன்னேன். பதமாகச் சொல்லத் தெரியவில்லை. கோபத்தில் இருந்தேன், பட்டென்று போட்டு உடைத்துவிட்டேன். அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன பேருங்க?" என்றாள்.

"எத்தன பேருன்னா?"

"மாமா மாதிரி மரியாதைக்கு வேண்டாம்னு சொல்லி, அப்படியே போனவங்க."

"எனக்கென்ன தெரியும்? அத யாரு எண்ண முடியும்?"

"நான் ரசத்துக்கு எழுதினதுங்க அது," என்றாள். அப்புறம் அழுதாள். நான் பார்த்து அவள் அப்படி அழுததில்லை, அவள் அம்மா செத்தபோதுகூட. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நீயா கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் வைத்தாய், நீ என்ன பண்ணுவாய் என்று என்னென்னவோ சொன்னேன். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

மூக்கைச் சிந்திவிட்டு அவளேதான் எழுந்தாள். எழுதினவள் அவள் என்பதால் மாற்றுகிற உரிமையும் அவளுக்கு மட்டும்தான் என்று படித்துக் கண்டுபிடித்தாள். நூலகத்து அம்மா முன்னால் உட்கார்ந்து மறுபடி அடித்துக் காட்டினால் போதும், எல்லா ஆஸ்பத்திரிக்கும் அது போய்விடும். ஆனால் ஒரு நிபந்தனை. பதில் ஒரு தடவை பதிவாகிவிட்டால் மாறக்கூடாது என்கிற சட்டத்தில் கை வைக்க முடியாது. எது பதில் என்பதை மட்டும்தான் மாற்றலாம்.

"அப்ப மூணு தடவ கேக்கச் சொல்லு," என்றேன். "சரின்னா அதோட நிறுத்திக்கட்டும். வேண்டாம்னா மறுபடி கேக்கட்டும். மூணாவதா சொல்றதுதான் பதிலு. நம்ம வீட்ல நாம செய்யறதுதானே?"

அவள் யோசித்தாள். "நெசமாவே வேண்டாங்கறவங்க இருப்பாங்களேங்க?"

"நெசமா வேண்டாங்கறவன் மூணாந்தடவையும் வேண்டாம்பான். இதுல என்ன கொழப்பம்?"

"ஏற்கெனவே சரின்னு சொன்னவங்க?"

"அவங்கள எதுக்குக் கேக்கோணும்? அவங்கதான் சரின்னுட்டாங்களே. வேண்டாம்னவங்கள மட்டும் மறுபடி கேக்கட்டும்."

"ஒரு பக்கமே கேக்கற மாதிரி இருக்குதுங்க," என்றாள்.

"அங்க எங்கப்பன் மூச்சு வாங்கிட்டுக் கெடக்கறாரு. நீ பக்கம் பாத்துட்டு உக்காந்திருக்கறயா?" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாதுதான். ஆனால் அப்பா கண் முன்னால் வீங்கிக்கொண்டு போகும்போது மனுஷனுக்கு நிதானம் எங்கிருந்து வரும்? மரகதம் புடவையை மாற்றிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பினாள்.

அவள் அடித்து முடித்து முத்திரை வாங்கிய அன்றைக்கே, ஒரு தடவை வேண்டாம் என்றது இனிப் பதிலாகாது என்று, பெட்டி அப்பாவிடம் மறுபடி கேட்டது. நான் வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ஷமீலா வெளியே வந்து, "மூணாவதுல சரின்னுட்டாருங்க," என்றார். நான் அவர் காலில் விழப் போனேன். பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

அப்பாவுக்கு மட்டுமில்லை. எல்லா ஊரிலும், எல்லா வார்டிலும், வேண்டாம் என்று கிடந்தவர்கள் மூணாவது கேள்விக்குச் சரி என்றார்கள். பட்டறையில் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். முன்னே பின்னே தெரியாதவர்கள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு பழத்தோடு வந்தார்கள். எங்க அம்மாவக் காப்பாத்திக் குடுத்தீங்க, எங்க வீட்டுக்காரரக் காப்பாத்திக் குடுத்தீங்க என்று மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் உயிர் வந்தது. ஆனாலும் முன்பு போனவர்களை நினைத்தால் மட்டும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அப்பாவுக்குக் கழுத்தில் குழாய் போட்டார்கள். வாரத்தில் பாதி நாள் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிற வேலைதான். வீக்கம் வடிந்தது, மூச்சு சீராயிற்று. நான் பூரித்துப் போனேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் முடிந்து வரும்போது அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. வைகாசி வெயிலில் நாக்கு வறண்டு கிடக்கிற மனுஷனுக்கு, மூடியில் அளந்து ஊற்றிக் கொடுப்போம். குழாயில் சீழ் வைத்து, அதை எடுத்துவிட்டுத் தொடையில் போட்டார்கள். முதுகில் புண் வந்தது. பழகிவிடும் என்று நான் சொல்லிக்கொண்டேன். எனக்குத்தான் பழகிற்று.

ஒரு நாள் டாக்டர் ஷமீலா என்னை நிறுத்தி, "இப்ப யாருமே வேண்டாம்னு சொல்றதில்லைங்க," என்றார்.

"நல்லதுதானுங்களே?"

"ஒருத்தர்கூடச் சொல்றதில்லைங்க," என்று மறுபடி சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. எனக்கு அது ஏன் என்று யோசிக்க நேரமில்லை, மாத்திரை வாங்க ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆனியில் ஒரு காலை வேளை. நான் பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். அவரிடம் பெட்டி கேட்கப் போகிறது, எல்லாரும் வெளியே போங்கள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். அப்பா சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.

"பாவம் அந்தப் புள்ள," என்றார். "எங்கிட்டயும் மூணு வாட்டி கேட்டுச்சு சாமி. அத்தன தன்மையாக் கேக்கறப்ப, அதுக்கு மேலயும் வேண்டாம்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா? அதுக்குத்தான் சரின்னேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அதுக்குத்தான்னா? அப்ப மொதல்ல வேண்டாம்னு சொன்னீங்களே, அதுதானுங்களே மரியாதைக்குச் சொன்னது?"

"அது நெசமாத்தான் சொன்னேன்."

நர்ஸ் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் நகரவில்லை.

"எங்கண்ணன் இந்த மெசின்ல கெடந்து பட்டத நீயும் பாத்தயில்ல? அப்பவே நெனச்சு வெச்சிருந்தேன், நமக்கு இது வேண்டாம்னு. உங்கம்மாளும் போயிட்டா. பேரன் வேலைக்குப் போயிட்டான். எனக்கென்ன கொறை? அதான், அந்தப் புள்ள மொதல்ல கேட்டப்ப வேண்டாமுன்னேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்ப்பா?" என்றேன்.

"நீ எங்க கேட்ட? வேணும்தானுங்களேன்னு கேட்ட. மகன் அப்படிக் கேக்கறப்ப, வேண்டாம்டா, நான் போறேன்னு எந்த அப்பன் சொல்லுவான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தார். "இப்ப முடியறதில்ல சாமி. நெம்ப வலிக்குது. அந்தப் புள்ளகிட்ட நான் சொல்லிப் பாத்தேன், ஏற்கெனவே சரின்னுட்டீங்க, நன்றிங்கன்னுது. இது நம்ம மரகதம் எழுதினதுன்னு நர்ஸம்மா சொல்லுச்சு. நானே மருமககிட்ட எப்புடிச் சொல்றது, அவ மனசு சங்கடப்படும். நீ பக்குவமாச் சொல்லு. என்னைய உட்டுறச் சொல்லு."

"சரிங்ப்பா, சொல்றேன்," என்றேன்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் எப்படிச் சொல்வது என்றுதான் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் மரகதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"வந்துட்டீங்களா? நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க. கவர்ன்மெண்டுலருந்து கேட்டிருக்கறாங்க. ஆளாளுக்கு வந்து, எங்களுக்காக மாத்துங்க, எங்களுக்காக மாத்துங்கன்னு எங்கிட்ட நிக்கக் கூடாதில்லீங், அதனால இத அப்படியே பூட்டிடறாங்களாம். பூட்டிட்டா அப்பறம் நானே நெனச்சாலும் மாத்த முடியாது. நான் சம்மதம்னு சொன்னாப் போதும்." என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் தெனமும் வார்டுல இருக்கறீங்க. எதாச்சும் தப்பா நடக்குதா? மாத்தோணும்னா இப்பவே சொல்லிடுங்க. மாமா என்ன சொல்றாங்க?"

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். சொன்னால் மாற்றிவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள். மாற்றினால் அப்பா போய்விடுவார். பழத்தோடு வந்தார்களே, அவர்கள் வீட்டிலும் எத்தனை பேர் இப்படி மரியாதைக்குச் சரி சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்களோ, அதுவும் வெளியே வரும். இவள் மறுபடி தரையில் உட்கார்ந்து அழுவாள். இதெல்லாம் நான் பின்னால் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். எனக்கு என் அப்பா வேண்டும்.

"ஒண்ணும் மாத்த வேண்டாம் புள்ள," என்றேன். "அப்பா நல்லாருக்கறாரு. எல்லாம் சரியாத்தான் நடக்குது."

அவள் ஒரு நீளப் பெருமூச்சு விட்டுவிட்டுச் சம்மதத்தைத் தட்டினாள்.

அப்பா இன்னும் இருக்கிறார். இப்போது பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. உடம்பு பாதியாகிவிட்டது. நான் போனால் கண்ணைத் திறந்து, "மரகதத்துகிட்டச் சொன்னயா சாமி?" என்று கேட்பார். சொல்லிட்டேனுங்ப்பா, பாத்துட்டு இருக்கறாளாம் என்பேன். முந்தாநாள் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

அப்பா தலையை ஆட்டினார். "அவசரமில்லைன்னு சொல்லு," என்றார். "அவளுக்கும் ஊட்ல எத்தன வேலை இருக்கும்."